உடல் கேட்டதற்கே பதில் தரும்

அத்தியாயம் 4: உடற்பயிற்சியும் உடல்தகுதிச் சோதனையும்

ஆரணியிலோ ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ தறி நெய்கிற ஒருவரிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: “காலையில குழியில எறங்குனா பொழுது சாயற வரைக்கும் மிதிக்கிறோம். இதுக்கு மேல நடக்க வேற செய்யணுமா?” நியாயமான கேள்வி. நாள் முழுக்க உழைத்தவரிடம் ‘இன்னும் கொஞ்சம் உழையுங்கள்’ என்று காரணம் சொல்லாமல் கேட்பது சரியல்ல. அந்தக் காரணத்தைச் சொல்லவே இந்த அத்தியாயம்.

இதைப் படித்து முடிக்கும்போது மூன்று காரியங்கள் உங்களுக்குக் கைவரும். உடல் அசையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். உங்கள் உடல்தகுதியை வீட்டிலும் மைதானத்திலும் நீங்களே அளக்க முடியும். அளந்த எண்ணை வைத்து எட்டு வாரத்துக்கு ஒரு பயிற்சித் திட்டம் போட முடியும்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

குழித்தறியில் நெய்பவரின் உடலைக் கவனியுங்கள். ஒரு கை நாடாவை ஓடவிடும் கயிற்றை இழுக்கிறது. இன்னொரு கை பலகையை ஆட்டி ஊடையை அடித்து நெருக்குகிறது. கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. மோட்டார் பொருத்தாத ஜக்கார்டு என்றால், அதைத் தூக்கும் மிதியில் காலின் பலம் முழுவதும் இறங்க வேண்டும். கண் சரிகையை விட்டு விலகாது. கழுத்தும் முதுகும் முன்னால் சாய்ந்து அப்படியே நிற்கின்றன.

இங்கே தசைகள் இரண்டு வகையாக வேலை செய்கின்றன. கையும் காலும் செய்வது அசைவு வேலை. தசை சுருங்குகிறது, தளர்கிறது, மறுபடி சுருங்குகிறது. ஒவ்வொரு தளர்விலும் புது ரத்தம் உள்ளே வருகிறது. முதுகும் கழுத்தும் தோளும் செய்வது நிலை வேலை. சுருங்கிய தசை தளராமல் பிடித்தபடியே இருக்கிறது. அப்போது தசைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, ஆக்சிஜன் வரத்து குறைகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. தசை சீக்கிரம் களைத்து வலிக்கிறது. சாயங்காலம் குழியை விட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருப்பது இதனால்தான்.

கை வேலைக்கும் ஒரு தன்மை உண்டு. கையின் தசைகள் தொடைத் தசைகளைவிடச் சிறியவை. ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்தால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். ஆனாலும் கைகள் மட்டும் உழைக்கும்போது உடல் எட்டக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு, கால்கள் உழைக்கும்போது எட்டுவதைவிடக் குறைவு. ஆகவே நெசவாளியின் களைப்பு உண்மையானது. ஆனால் இதயமும் நுரையீரலும் தொடைகளும் சேர்ந்து முழுவீச்சில் இயங்க வேண்டிய தேவை தறியில் வருவதே இல்லை. உடலிடம் எதைக் கேட்கிறோமோ அதற்கு மட்டுமே அது தன்னைத் தயார் செய்துகொள்ளும். தறி விரலிடம் நுணுக்கத்தையும் முதுகிடம் பொறுமையையும் கேட்கிறது; இரண்டும் கிடைக்கின்றன. இதயத்திடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை.

இது ஆரணிக்கு மட்டும் உரியதல்ல. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் உயிர் பிழைத்தவர்கள் அதிகம். வேலையில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது என்பதைச் சீருடைப் பதிவுகளிலிருந்து அவரே பிறகு எடுத்துக்காட்டினார். அப்படிப் பார்த்த பின்னும், அசைவு இதயத்தைக் காக்கிறது என்ற முடிவைப் பின்னால் வந்த பல ஆய்வுகள் உறுதி செய்தன.

நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் குமாஸ்தாக்கள், நெசவாளர்கள், சுமை தூக்குபவர்கள் எனப் பலதரப்பட்ட தொழிலாளரின் உணவையும் எடையையும் உழைப்பையும் ஜீன் மேயரும் அவருடைய இந்திய சகாக்களும் ஒப்பிட்டு 1956-இல் எழுதினார்கள். மிதமாகவோ கடுமையாகவோ உழைத்தவர்கள் உழைப்புக்கு ஏற்ற அளவு சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. மிகக் குறைவாக அசைந்தவர்களோ லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டு, எடையும் கூடியிருந்தார்கள். உடல் ஓரளவுக்கு மேல் அசைந்தால்தான் பசியும் அளவுக்கு அடங்குகிறது.

ஓடத் தொடங்கியதும் உள்ளே நடப்பது

ஆரணிக் கோட்டை மைதானத்தில் ஒருவர் ஓடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் 10 விநாடி அளவுக்குத் தசை தனக்குள் சேமித்து வைத்திருக்கும் ரசாயன ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. 100 மீட்டர் ஓட்டத்தின் பெரும்பகுதி இதில் நடக்கிறது. அது தீரத் தீர, தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஆக்சிஜன் இல்லாமலேயே வேகமாக உடைபடுகிறது. ஒன்றிரண்டு நிமிட முழுவேக ஓட்டம் பெரிதும் இதை நம்பியிருக்கிறது. அப்படி உடைபடும்போது உண்டாகும் லாக்டேட் சேர்வதும், கால் கனப்பதும், மூச்சு முட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். இதற்கிடையில் ஆக்சிஜன் வழி ஆற்றல் மெல்ல மெல்ல ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் தேவைக்கு ஈடு கொடுக்கிறது. அதற்கு மேல் நீளும் எந்த ஓட்டமும் நடையும் ஆக்சிஜனால் நடப்பது. முதல் சுற்றில் திணறியவர் மூன்றாம் சுற்றில் சீராக ஓடுவதற்கு இதுவே காரணம். 5 நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடேற்றிவிட்டு ஓடினால் அந்த முதல் திணறல் குறையும்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. பயிற்சி இல்லாத ஆரோக்கியமான இளைஞர் முழு வேகத்தில் ஓடும்போது அது 20 லிட்டரைத் தொடும். நீள்தூர ஓட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு 35 லிட்டரைக்கூட எட்டும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. உச்ச உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு போகிறது. அந்தக் கூடுதல் ரத்தத்தில் ஒரு பகுதி வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் திருப்பிவிடப்படுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிசைவது அதனால்தான். மூச்சும் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் என்ற நிலையிலிருந்து 100 லிட்டருக்கு மேல் போகிறது.

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே நெடுநேர உழைப்புத் திறனின் அளவு. 1920-களில் இங்கிலாந்தில் ஏ.வி. ஹில் என்ற உடலியல் அறிஞர் தானே ஓடி, தன் மூச்சைப் பைகளில் பிடித்து அளந்தார். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் பயன்பாடும் கூடிக்கொண்டே போய், ஓர் இடத்துக்கு மேல் ஏறாமல் நின்றது. அந்த உச்சியை ‘அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு’ என்கிறோம். நுரையீரல் ஆரோக்கியமாக இருப்பவர்களில், இந்த உச்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதயம் எவ்வளவு ரத்தம் அனுப்ப முடியும் என்பதே.

இன்னும் இரண்டு செய்திகள் நம் ஊருக்கு முக்கியம். முதலாவது வெப்பம். தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட அசைவாக மாறுவதில்லை. மீதி முழுவதும் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், வியர்க்க வேண்டும். வெயிலில் ஓடும்போது அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே பயிற்சியை முடித்துவிடுங்கள். வெயிலுக்கு உடல் பழக ஒன்றரை வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

இரண்டாவது சர்க்கரை. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது ஏறும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும். சோற்றை முடித்த உடனே குழியில் இறங்காமல் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

வாரங்கள் போகப் போக

ஒரு நாள் பயிற்சி உடலுக்குக் கேள்வி. அடுத்த சில வாரங்களில் உடல் தருவது பதில். அந்தப் பதில் ஓர் ஒழுங்கில் வருகிறது.

முதல் இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் அதிகரிப்பதால், பழைய வேகத்தில் நடந்தாலும் நாடித்துடிப்பு குறைகிறது.

இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. பலத்துக்கான பயிற்சி செய்பவர்களுக்கு இந்தக் காலத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பால் வருவது. தசையை ஒன்றுசேர்த்து இயக்க நரம்பு கற்றுக்கொள்கிறது. கை பருக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தசை பருப்பது கண்ணுக்குத் தெரிய இன்னும் சில வாரம் ஆகும்.

தசைநாண்களும் எலும்பும் மாற மாதங்கள் ஆகும். மூச்சு தயாராகிவிட்டது என்று ஓட்டத்தைத் திடீரென இரட்டிப்பாக்குபவர்களுக்கு முழங்கால், கணுக்கால், கெண்டைக்கால் வலி வருவது இந்த இடைவெளியால்தான்.

பயிற்சி தொடங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை பிடித்துக்கொண்டால், அது லாக்டேட்டால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். லாக்டேட் ஒரு மணி நேர அளவிலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தின் விளைவு. மூன்று நான்கு நாளில் ஆறிவிடும். மெதுவாக நடந்தால் இதமாக இருக்கும்.

எல்லா உடலும் ஒரே அளவில் பதில் தருவதில்லை. ‘ஹெரிடேஜ்’ என்ற பெரிய ஆய்வில் பலநூறு பேருக்கு 20 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். சிலருடைய ஆக்சிஜன் பயன்பாடு மிக அதிகமாக உயர்ந்தது. சிலருக்கு ஏறக்குறைய மாறவே இல்லை. ஆகவே பக்கத்துத் தறிக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் ஆக்சிஜன் பயன்பாடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, வயதாகி இழந்ததைவிட அந்த மூன்று வாரத்தில் இழந்தது அதிகம் என்று தெரிந்தது. நல்ல செய்தியும் அங்கேயே இருக்கிறது. பயிற்சி கொடுத்ததும் இரண்டு முறையும் அவர்கள் தேறினார்கள்.

சோதனைக்கு முன்

நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல், மயக்கம், படுத்திருக்கும்போது மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையையும் செய்யாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாரடைப்பு வந்தவர்களும், கர்ப்பிணிகளும் அப்படியே. 40 வயதைக் கடந்தவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரண்டையும் பார்க்கிறார்கள். அழுத்தம் 180/110 அளவில் இருந்தால் அன்றைக்குச் சோதனை கூடாது, சிகிச்சைதான் வேண்டும்.

அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு மருந்தால் குறைந்திருக்கும். நாடியை வைத்துச் செய்யும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் நடைச் சோதனையைச் செய்யலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். காலில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வாருங்கள்.

சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் டீ, காபி, பீடி கூடாது. முந்தைய நாள் மது கூடாது. தண்ணீர் குடிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே காலணியோடு செய்யுங்கள். இதில் ஒன்று மாறினாலும் எண்ணை ஒப்பிட முடியாது.

நீங்களே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

1. ஓய்வு நாடி

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. பயிற்சி தொடரத் தொடர இது இறங்கும். திடீரென ஒரு நாள் வழக்கத்தைவிடக் கணிசமாக ஏறியிருந்தால் தூக்கக் குறைவு, காய்ச்சல், மிகையான பயிற்சி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்று ஓய்வெடுங்கள்.

2. படிச் சோதனை

முழங்கால் வலி இல்லாத இளையவர்களுக்கு உரியது. நியூயார்க்கின் குயின்ஸ் கல்லூரியில் உருவானது. 41 செ.மீ. உயரப் படி வேண்டும். வீட்டுத் திண்ணையையோ மர பெஞ்சையோ டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆடாமல் நிற்க வேண்டும். ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறையும் பெண்கள் 22 முறையும் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்குவதில் நான்கு அடிகள் என்பதால் கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை ஆண்களுக்கு 96, பெண்களுக்கு 88 என்று வையுங்கள். மூன்று நிமிடம் முடிந்ததும் நின்றபடியே, 5-ஆவது விநாடியிலிருந்து 20-ஆவது விநாடி வரை நாடியை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். இதுவே நிமிடத் துடிப்பு.

ஆண்கள்: 111.33 − (0.42 × நிமிடத் துடிப்பு)
பெண்கள்: 65.81 − (0.1847 × நிமிடத் துடிப்பு)

ஓர் இளைஞர் 15 விநாடியில் 38 எண்ணினால் நிமிடத்துக்கு 152, விடை 47.5. ஓர் இளம்பெண் 40 எண்ணினால் நிமிடத்துக்கு 160, விடை 36.3. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் இத்தனை மில்லிலிட்டர் என்பது இதன் பொருள். இது கல்லூரி மாணவர்களை வைத்து உருவாக்கிய கணக்கு. மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள். இதற்கு முன்னோடி 1943-இன் ஹார்வர்டு படிச் சோதனை. அது 20 அங்குல உயரத்தில், நிமிடத்துக்கு 30 முறை வீதம், 5 நிமிடம் நீளும். போர்க்காலத்தில் திடமான இளைஞர்களுக்காக வகுத்தது. வீட்டில் அதை முயல வேண்டாம்.

3. 12 நிமிட ஓட்டம் அல்லது 6 நிமிட நடை

அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட சோதனை இது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடமுடியும் என்று பாருங்கள். தூரத்தை மீட்டரில் எடுத்து, 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுத்தால் ஆக்சிஜன் பயன்பாடு கிடைக்கும். 2,000 மீட்டர் ஓடினால் 33.4, 2,400 மீட்டர் ஓடினால் 42.4. சிறிய சுற்றில் கைப்பேசி காட்டும் தூரம் பிசகும். நீளமான டேப்பால் மைதானத்தை அளந்து சுற்றுகளை எண்ணுவதே நல்லது. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டால் அளக்க உதவுவார். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கே இது.

மற்றவர்களுக்கும், 50 வயதைக் கடந்தவர்களுக்கும் 6 நிமிட நடை. மருத்துவமனைகளில் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் இதையே செய்கிறார்கள். சமதளத்தில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் கல் வையுங்கள். ஓடாமல், முடிந்த அளவு விரைந்து, போய்த் திரும்பி நடங்கள். களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்கக் கூடாது. மொத்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நாற்காலியில் எழுந்து அமர்தல்

43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14 முதல் 19, பெண்களுக்கு 12 முதல் 17 வழக்கமான அளவு. அதற்குக் கீழே இருந்தால் தொடைப் பலம் குறைந்திருக்கிறது. தடுக்கி விழும் ஆபத்தும் கூடுகிறது. குழியில் காலைத் தொங்கவிட்டே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. மிதிப்பது ஒரு திசைப் பலம். உடல் எடையைத் தூக்கி நிற்பது வேறு பலம்.

5. உட்கார்ந்து எட்டுதல்

தரையில் கால் நீட்டி, பாதங்களை நிமிர்த்தி வைத்து, முழங்கால் மடியாமல் மெதுவாக முன்னால் குனிந்து எட்டுங்கள். விரல் நுனி பாதத்தைத் தாண்டுகிறதா, எத்தனை செ.மீ. குறைகிறது என்று அளவுகோலால் பாருங்கள். எக்கி எக்கி எட்டக் கூடாது. இரண்டு விநாடி நிலைத்து நிற்கும் இடமே கணக்கு. ஏற்கெனவே முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியிருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

எந்தச் சோதனையிலும் நெஞ்சு அழுத்தினாலோ, இடது கையிலோ தாடையிலோ வலி பரவினாலோ, கண் இருட்டினாலோ உடனே நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். சந்தேகம் உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை செய்வார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இசிஜியையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். அங்கே அளப்பது ஓடும் திறனை மட்டுமல்ல. உழைப்பின்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்பதையும்தான்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக உள்ள விதி. கயிறு ஏறுதல், தாண்டுதல், விரைவு ஓட்டம் போன்றவை பிறகு வரும். உங்கள் ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டே பயிற்சியைத் தொடங்குங்கள்.

7 நிமிடத்தில் 1,500 மீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் சுற்றை 1 நிமிடம் 30 விநாடியில் ஓடுபவர், ஆக்சிஜன் வழி ஆற்றல் ஈடுகொடுக்கும் முன்பே சர்க்கரையை அவசரமாக எரித்துவிட்டுக் கடைசிச் சுற்றில் நடக்க வேண்டி வரும். சீரான வேகமே தேர்ச்சி தரும்.

ஏழு நிமிட ஓட்டத்தின் ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜனால் வருவது. தினமும் 1,500 மீட்டரை முழுவேகத்தில் ஓடிப் பார்ப்பது பயிற்சி ஆகாது; அது தினமும் தேர்வு எழுதுவது. வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 25 முதல் 40 நிமிடம் ஓடுங்கள். ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படி நான்கு முதல் ஆறு முறை செய்யுங்கள். இரண்டு நாள் கயிறுக்கும் தாண்டுதலுக்கும் வேண்டிய பலப் பயிற்சி. ஒரு நாள் முழு ஓய்வு. தறியில் கை கொடுத்துவிட்டு மாலையில் ஓட வரும் பிள்ளைகள் முதலில் முதுகையும் இடுப்பையும் தளர்த்திக்கொள்ள 10 நிமிடம் ஒதுக்க வேண்டும்.

எட்டு வாரத் திட்டம்

வேகத்தைக் கணக்கிட எளிய வழி பேச்சு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடும் வேகம். நாடியை வைத்துப் பார்க்க விரும்புபவர்கள் 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கலாம். 40 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு சுமார் 180. மிதமான வேகத்தில் 115 முதல் 137 வரை இருக்கும்.

வாரம் 1, 2: வாரத்தில் 5 நாள், 20 நிமிட மிதமான நடை.

வாரம் 3, 4: 5 நாள், 30 நிமிடம். இடையில் 5 முறை ஒரு நிமிட விரைவு நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த வாரத்துக்கு 150 நிமிடம் என்ற குறைந்த அளவை இங்கே எட்டிவிடுகிறீர்கள்.

வாரம் 5, 6: 5 நாள், 35 நிமிடம். அதில் இரண்டு நாள் மட்டும், 2 நிமிடம் விரைவு, 2 நிமிடம் மெது என்று 6 முறை.

வாரம் 7, 8: 5 நாள், 40 நிமிடம். உடல் ஒத்துழைத்தால் ஒரு நாள் மட்டும், 4 நிமிடம் கடும் வேகம், 3 நிமிடம் மெது என்று 4 முறை.

இதோடு வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி: நாற்காலியில் எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குப்புறப் படுத்து நெஞ்சைச் சற்றே உயர்த்துதல், குதிகால் தூக்கி நிற்றல். ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. தறியில் முன்னால் சாய்ந்தே இருக்கும் முதுகுக்கும் தோளுக்கும், மடிந்தே இருக்கும் இடுப்புக்கும் எதிர்த் திசையில் வேலை கொடுப்பதே இவற்றின் நோக்கம். நெய்யும்போது அரை மணிக்கு ஒரு முறை, தார் மாற்றும் நேரத்தை ஒட்டி, குழியை விட்டு எழுந்து கைகளை மேலே தூக்கி நிமிர்ந்து நின்றுவிட்டு உட்காருங்கள். நிலை வேலையில் நெரிபட்ட தசைக்கு ரத்தம் திரும்ப அது போதும்.

எண்ணைப் படிப்பது எப்படி

ஒரு நோட்டில் ஐந்து வரிசை போடுங்கள்: ஓய்வு நாடி, படி, நடை அல்லது ஓட்டம், நாற்காலி, எட்டுதல். முதல் நாள் தேதியோடு எண்களை எழுதுங்கள். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.

நடைத் தூரம் கூடி, நாற்காலி எண் கூடாமல் இருந்தால் பலப் பயிற்சியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நாற்காலி எண் கூடி, நடைத் தூரம் அப்படியே இருந்தால் நடையில் வேகம் போதவில்லை. விரைவு நடையைக் கூட்டுங்கள். எதுவுமே மாறாவிட்டால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். திருவிழா, கல்யாண முகூர்த்தக் காலங்களில் இரவு நெடுநேரம் நெய்து, நான்கைந்து மணி நேரமே தூங்குபவரின் உடல் பகலில் கேட்ட கேள்விக்குப் பதில் தர முடியாது. எல்லாம் சரியாக இருந்தும், சிறு வேலைக்கே மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜனைச் சுமக்கும் அந்தப் பொருள் குறைந்தால் எவ்வளவு நடந்தாலும் எண் ஏறாது. நம் வீட்டுப் பெண்களிடம் இது பரவலாக இருக்கும் குறை, சிகிச்சையால் சரியாகும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் அளவெடுங்கள். தார் சுற்றும் அம்மாவுக்கு நாற்காலிச் சோதனை, தறியில் இருக்கும் அப்பாவுக்கு நடைச் சோதனை, காவலர் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஓட்டம். ஒவ்வொருவருக்கும் எந்த எண் குறைவாக இருக்கிறதோ, இத்தனை ஆண்டு உழைப்பும் அந்த உடலிடம் கேட்காமல் விட்டது அதுதான். அடுத்த எட்டு வாரம் அதைக் கேளுங்கள்.